எழுத்துக் கூட்டாமல் வாசித்த கடிதம்

கல்முனைக்குடி
2023 செப்ரெம்பர் 10

அன்பு மகள் முஸ்பிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். ஓம், வாப்பாதான்! வேறு யாரும் எழுதித் தரவில்லை. இந்தப் பேனையைப் பிடித்திருப்பது மீன் உதுமாலெப்பையின் கை.

நீயும் மருமகன் நளீமும் கட்டாரில் சுகந்தானே? வெயில் குறைந்ததா? நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சுகம்.

இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு எழுதுவேன். பிறகு கை வலிக்கும். கை வலித்தாலும் மனதுக்குச் சந்தோசம். நாற்பது வருசம் சைக்கிளில் மீன் விற்றேன். நற்பிட்டிமுனை, வீரமுனை, எந்த வீட்டுப் படலையில் எந்த மீன் வாங்குவார்கள் என்று தெரியும். படலையில் எழுதியிருந்தது மட்டும் தெரியாது. போன கிழமை வீரமுனைப் பாக்கியராசாவைப் பார்க்கப் போனேன். படலையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா மகள்? "நாய் கவனம்." அந்த நாய் என்னை எத்தனை தரம் துரத்தியது! அறிவித்தல் முன்னாலேயே தொங்கியிருக்கிறது. பாக்கியராசா சிரித்துச் சிரித்து இருமினார். "காக்கா, நீங்க வாசிச்சுப் போட்டும் உள்ள வாறீங்க எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன். துணிஞ்ச ஆள் எண்டு நினைச்சன்" என்றார்.

நஸ்லின் டீச்சர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் எங்களைப் போன்ற ஒன்பது கிழடுகளுக்குப் படிப்பிக்கிறா. பஸ் பெயர்ப்பலகை வாசிக்க ஆங்கில எழுத்தும் பழக்கினா. ஒரு குறை. எனக்கு வாய்விட்டுத்தான் வாசிக்கத் தெரியும். எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சத்தமாகச் சொன்னால்தான் சொல் வரும். மனதுக்குள் வாசித்தால் எல்லாம் எறும்புதான்.

உம்மாவுக்கு இடது கண்ணில் புகை அடைத்தது போல் இருக்கிறதாம். கண் மடலில் அந்த அரிப்பும் வந்து வந்து போகிறது. நீ அனுப்பும் வெள்ளை டியூபைக் காலையிலும் மாலையிலும் நானே என் விரலால் இரண்டு கண் மடலிலும் பூசி விடுகிறேன். பூசியதும் அடங்குகிறது. டியூப் முடியப் போகிறது. இன்னும் ஒன்று அனுப்பு மகள்.

நீ எழுது. உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டுவேன்.

துஆவுடன்,
உன் வாப்பா, உதுமாலெப்பை

*

தோஹா
2023 ஒக்டோபர் 8

பாசமுள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்,

வஅலைக்குமுஸ்ஸலாம். வாப்பா, உங்கள் கடிதத்தை நளீம் மச்சான் கொம்பனித் தபாலில் எடுத்து வந்தார். உறையின் மேல் எழுத்தைப் பார்த்து "யாரோ முதலாம் வகுப்புப் புள்ள எழுதியிருக்கு" என்றார். திறந்து பார்த்துவிட்டு இரண்டு பேரும் அழுதோம். "நாய் கவனம்" என்ற இடத்தில் மட்டும் சிரித்தோம்.

இங்கே நாங்கள் சுகம். நான் வேலை செய்யும் வீட்டுக் கிழவி இப்போது என் கையால் மட்டும்தான் சாப்பிடுகிறா.

உம்மா, இடது கண்ணைக் கட்டாயம் கண் கிளினிக்கில் காட்டுங்கள். பிந்த வேண்டாம். கிறீம் அனுப்புகிறேன். நான் கட்டாருக்கு வரும் காலத்தில் உங்கள் கையில் கரப்பான் வந்து தோல் டொக்டர் தந்த மருந்துதானே அது. அந்த டியூபைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, இங்கே ஃபார்மசியில் காட்டி வாங்கத் தொடங்கினேன். ஆறு வருசம் ஆகிறது. கைக்கும் சரி, கண் மடலுக்கும் சரி, இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நிம்மதி. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத மகள் இதையாவது செய்கிறேனே என்று நினைப்பேன்.

வாப்பா, நிறைய எழுதுங்கள்.

உங்கள் முகம் தேடும்,
முஸ்பிறா

*

கல்முனைக்குடி
2023 நவம்பர் 12

அன்பு மகளுக்கு,

ஸலாம். மழை தொடங்கிவிட்டது. வளவு முழுக்கத் தண்ணீர். உன் உடம்புக்கு எப்படி? மருமகனுக்கு முதுகு வலி குறைந்ததா?

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது தொடங்கி, பொழுதுபட்டு மஃரிப் வரை போனது. உம்மாவுக்குப் பொறுமை இல்லை. நான் "கி... கிழ..." என்னும்போதே "கிழவி!" என்று சொல்லிவிடுகிறா. "றாவியா, வாசிக்கிறது நானா நீயா?" என்று கேட்டேன். "நீங்க எழுத்தைத் தேடுங்க, நான் சொல்லைத் தேடுறன். ரெண்டு பேருமாச் சேர்ந்தாத்தான் இந்தக் கடிதம் கரை சேரும்" என்கிறா.

கண் கிளினிக்குக்குப் போனோம். எந்த அறை என்று யாரிடமும் கேட்கவில்லை. நானே பலகை வாசித்துக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதாம். இரண்டு கண்ணிலும். இடதில் பார்வை நரம்பு நிறையப் பழுதாம். வலதில் இனித்தான் தொடங்குகிறதாம். நோவு இல்லாமலே வரும் வருத்தமாம். டொக்டர் நல்ல மனிதர். "கண்ணுக்கு வேற மருந்து ஏதும் பாவிச்சீங்களா? சொட்டு மருந்து, நாட்டு மருந்து?" என்று கேட்டார். "இல்லை சேர், கண்ணுக்குள்ள ஒரு சொட்டு வெளி மருந்து விட்டதில்லை" என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். ஊரில் தேன் விடுகிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள். நாங்கள் அப்படி ஒன்றும் செய்யவில்லையே.

சொட்டு மருந்து தந்திருக்கிறார். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏன் இவ்வளவு கூடியது என்று அவருக்கும் யோசனைதான்.

டியூப் இன்னும் வரவில்லை மகள். பழையதை நறுக்கி உள்ளே வழித்துப் பூசுகிறேன்.

உன் வாப்பா

*

தோஹா
2024 ஜனவரி 21

வாப்பா, உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வேலை கூட.

அந்தக் கிறீம் இப்போது வருவதில்லையாம். கொம்பனி செய்வதை நிறுத்திவிட்டதாம். ஆகவே அனுப்பவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தாலும் இனிப் பூச வேண்டாம். பழைய மருந்து நல்லதல்ல. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

~~உம்மாவின் கண் xxxx xxxxxx xxx~~

உம்மாவின் வலது கண் எப்படி? எழுதுங்கள்.

முஸ்பிறா

*

கல்முனைக்குடி
2024 பெப்ரவரி 14

அன்பு மகள் முஸ்பிறாவுக்கு,

ஸலாம். நீ ஏன் சுருக்கமாக எழுதினாய்? சுகம் இல்லையா? உம்மா வாசிக்க வாசிக்க "இவ்வளவுதானா, மற்றப் பக்கமும் பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. ஒரு வரியை வெட்டியிருந்தாய். நஸ்லின் டீச்சர் எங்களுக்கும் அப்படித்தான் வெட்டச் சொல்லித் தந்தா. நான் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "கண்" என்றது மட்டும் தெரிந்தது.

நல்ல செய்தி கேள். கிறீம் கிடைத்துவிட்டது! வெறும் டியூபை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போய் ஃபார்மசி ஃபார்மசியாக ஏறினேன். மூன்றாவது கடையில், கண்ணாடி அலுமாரிக்குள், நானே கண்டேன். பி, ஈ, டி என்று பதின்மூன்று எழுத்தையும் டியூபோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைக்காரப் பொடியன் வேறொன்றை எடுத்து நீட்டினான். "இல்லை தம்பி, அங்கால ஒண்டு இரிக்கு, பி-யில தொடங்குது" என்றேன். வெளிநாட்டில் படித்தவரா என்று கேட்டான். உம்மாவிடம் இதை இதுவரை ஏழு தரம் சொல்லிவிட்டேன். இரண்டு டியூப் வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் நீ பூச வேண்டாம் என்று திரும்பவும் சொன்னதால் நாலு நாள் நிறுத்தினோம். கண் மடல் இரண்டும் தக்காளி போலச் சிவந்து வீங்கிவிட்டது. உம்மா எரிச்சலில் அழுதா. பார்க்க முடியாமல் நானே திரும்பப் பூசினேன். பூசியதும் அடங்கியது. நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எங்களுக்கு விளங்கவில்லை. காரணம் கேட்டால் நீ வேறு கதைக்குப் போகிறாய். போன் உம்மாவின் கையில்தான் இருக்கும், அதுவும் லவுட்ஸ்பீக்கரில். அதனால் இதைக் கடிதத்தில் கேட்கிறேன்.

இன்னொன்று. உம்மா உன்னிடம் சொல்ல மாட்டா. இடது கண் இப்போது முழுக்க இருட்டு. வலதும் ஓரங்களில் கறுக்கிறதாம். சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறோம். ஏன் கேட்குதில்லை என்று, போன கிழமை கிளினிக்கில் திரும்பக் காட்டியபோது டொக்டருக்கும் தெரியவில்லை.

உன் வாப்பா

*

தோஹா
2024 மார்ச் 8

என் வாப்பாவுக்கு மட்டும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, இந்த இடத்தில் நிறுத்துங்கள். இதை வீட்டுக்குள் வாசிக்க வேண்டாம். உம்மாவுக்குக் கேட்காத இடத்துக்குப் போங்கள். கடற்கரைக்குப் போங்கள்.

கொம்பனி நிறுத்தவில்லை. நான் பொய் எழுதினேன்.

நவம்பரில் டியூப் வாங்கப் போனேன். அன்று ஃபார்மசியில் புதிதாக ஒரு பெண் நின்றா. தமிழ் தெரியும். "டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இருக்கா, யாருக்கு, எங்கே பூச?" என்று கேட்டா. உம்மாவுக்கு, கண் மடலுக்கு, ஆறு வருசமாக என்றேன். அவ டியூபைக் கையில் இருந்து கீழே வைத்துவிட்டா.

இதற்குள் இருப்பது ஸ்டீரோய்ட், வாப்பா. கடுமையான வகை. டொக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் பூசினால் நல்ல மருந்து. கைத் தோல் தடிப்பு, அது தாங்கும். கண் மடல் வெங்காயத் தோல் மாதிரி. பூசுவது உள்ளே இறங்கிவிடும். நாட்பட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும். நோவு இருக்காது. டொக்டர் கேட்டாரே, வேறு மருந்து ஏதும் பாவிச்சீங்களா என்று. அவர் தேடியது இதைத்தான்.

நிறுத்தியவுடன் சிவந்து வீங்கியது இதனால்தான். தோல் அதற்குப் பழகிவிட்டது. நான் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னதும் பிழை. டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கண் டொக்டரிடம் போங்கள். ஆறு வருசம் என்று சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது, வேறு என்ன பூசுவது என்று தோல் டொக்டரிடமும் கேளுங்கள். ஒரு நாளும் பிந்தாதீர்கள்.

நவம்பரில் தெரிந்ததை மார்ச்சில் எழுதுகிறேன். எத்தனையோ தாள் எழுதிக் கிழித்தேன். போனில் உம்மா "என்ட புள்ள அனுப்பின மருந்து" என்று சொல்லும்போதெல்லாம் நான் வேறு கதைக்குப் போனேன். அனுப்பியது நான், வாப்பா. உறையில் விலாசம் எழுதிய கை என் கை.

உம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்.

முஸ்பிறா

*

கல்முனைக்குடி
2024 ஏப்ரல் 3

மகள் முஸ்பிறாவுக்கு,

ஸலாம். நோன்பு உனக்கு இலேசாகப் போகிறதா? எங்களுக்குப் போகிறது.

உன் கடிதம் நோன்பு பதினெட்டில் வந்தது. நீ சொன்னபடி கடற்கரைக்குப் போனேன். தோணிக்கு மறைவில் இருந்து சத்தமாக வாசித்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓதுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். "வெங்காயத் தோல்" என்ற இடத்தில் நெடுநேரம் நின்றேன். சொல் வராமல் இல்லை. சொல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். உம்மா கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டு இருந்தா. கடிதம் வந்தது அவவுக்குத் தெரியும். தபால்காரர் மணி அடித்ததைக் கேட்டிருந்தா. "எங்க போனீங்க? புள்ள என்ன எழுதியிருக்கா, வாசிங்க" என்றா. நான் தாளை விரித்துப் பிடித்து வாசித்தேன். மகள் சுகம், மருமகன் சுகம், அங்கே நோன்புக்கு நல்ல பேரீச்சம்பழம் கிடைக்கிறது, பெருநாளைக்குப் புதுச் சாறி அனுப்புவா. தாளில் இல்லாததை எல்லாம் வாசித்தேன். உம்மா உரலை நிறுத்திவிட்டுக் கேட்டா. முடிந்ததும், "இண்டைக்கு நல்லா வாசிச்சீங்க. ஒரு எழுத்தும் கூட்டல்ல" என்றா. படித்துத் தேறிவிட்டேன் என்றேன். அவ திரும்பவும் இஞ்சி தட்டத் தொடங்கினா.

மறுநாள் டியூபோடு போனோம். டொக்டர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இடது கண் போனது போனதுதான். வலதில் போனதும் வராது. மிஞ்சியதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். தோல் டொக்டருக்குத் துண்டு தந்தார். ஸ்டீரோய்ட் இல்லாத வேறு பூச்சு மருந்து தந்திருக்கிறார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய கிளினிக் துண்டுகள் உள்ள பெட்டி. ஆறு வருசத்துக்கு முந்திய மருந்து உறை அதற்குள் இருந்தது. பேனையால் தமிழில் எழுதியிருந்தது. "கைகளுக்கு மட்டும். 7 நாள்." அதை வாசிக்க எனக்குப் பாதி நிமிசம்கூடப் போகவில்லை. மகள், பூசிய விரல் இது. நீ உன் கையைக் குற்றம் சொல்லாதே.

வாப்பா

*

தோஹா
2024 மே 5

வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகமாக இருங்கள்.

உங்களுக்கு விளங்கவில்லையா, வாப்பா? நீங்கள் ஒரு நாளும் எழுத்துக் கூட்டாமல் வாசித்ததில்லை. தாளில் உள்ளதை நீங்கள் வாசிக்கவில்லை என்று உம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டா.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று போனில் உம்மாவிடம் பெருநாள் சாறி வந்ததா என்று கேட்டேன். "வந்திச்சு மகள், நல்ல நிறம்" என்றா. நான் சாறி அனுப்பவில்லை.

நவம்பரிலேயே எழுதியிருந்தால் வலது கண்ணில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டொக்டரிடம் கேட்டீர்களா? கேட்காதீர்கள்.

மு.

*

கல்முனைக்குடி
2024 ஜூன் 9

அன்பு மகள் முஸ்பிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு. நளீமிடம் கேட்டேன், நீ சாப்பிடுவதில்லையாம்.

உன் கடிதம் வந்த அன்று உம்மா மத்தியான லுஹர் தொழுதுவிட்டுச் சொன்னா. "இப்ப வந்ததை வையுங்க. நோன்புக்கு வந்ததை எடுங்க. நீங்க கடற்கரையில வாசிச்சதை வலை பொத்தினவங்க சொன்னாங்க, அந்த மாதிரி வாசிங்க."

அழுத்தம் குறைந்திருக்கிறது. வலது கண்ணில் மிஞ்சியது ஒரு வட்டம். திறப்பு ஓட்டையால் எட்டிப் பார்ப்பது போல என்கிறா. அந்த வட்டத்துக்குள் என் வாயைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னால் இருந்தா. தப்ப முடியவில்லை. எழுத்து எழுத்தாக வாசித்தேன். அஸர் வரை போனது. வழமையாக எனக்கு முன்னே ஓடிப்போய்ச் சொல்லைப் பிடிப்பவ, அன்று ஒன்றையும் பிடிக்கவில்லை. "அனுப்பியது நான், வாப்பா" என்ற இடத்தில் மட்டும், "அதைத் திரும்ப வாசிக்காதீங்க" என்றா.

பிறகு சொன்னா. அவ சொன்னபடியே எழுதுகிறேன், எழுதச் சொன்னதும் அவதான்.

"அந்தத் தோல் டொக்டர் உறையில எழுதினது மட்டுமில்ல, எனக்கிட்ட வாயாலயும் சொன்னவர். கைக்கு மட்டும், ஏழு நாள் எண்டு. எனக்கு வாசிக்கத்தான் தெரியா, காது கேக்கும். புள்ள கட்டாருக்குப் போற கிழமை என்ட கண் மடல் உரிஞ்சு கிடந்திச்சு. எயார்போட்டில அந்த முகத்தோட நிண்டா, புள்ள அதையே நினைச்சுக்கொண்டு போகும். அதுக்காக முதல் முதல் நான்தான் களவாப் பூசினன். அடங்கிச்சு. புள்ள சிரிச்சுக்கொண்டு போனா. உங்கட விரலும் புள்ளைட டியூபும் அதுக்குப் பிறகு வந்ததுதான். எழுதுங்க."

எழுதிவிட்டேன் மகள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

உம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. பேனையைப் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்றாம் நாள் உம்மா கேட்டா. "அந்த வட்டத்துக்குள்ள ஒரு எழுத்துக் கொள்ளும்போல இரிக்கு. கொள்ளுமா?" சாப்பாட்டுத் தட்டளவு பெரிதாக, கறுப்புப் பேனையால் 'அ' எழுதிப் பிடித்தேன். தட்டளவு கூடாதாம். வட்டத்துக்கு வெளியே போகிறதாம். முட்டையளவு எழுதினேன். அசைத்து அசைத்துப் பிடித்துவிட்டா. "இந்த 'ஆனா' எழுத்து வேண்டாம். என்ட புள்ளைட பேர் எதில தொடங்குது?" என்றா.

பதினொரு நாளாக அந்த ஒன்றைத்தான் எழுதுகிறா. 'ம' வந்துவிட்டது. கீழே வளைக்கும் சுழி அவவின் வட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது. விரலால் தடவித் தேடிப் பிடித்து எழுதுகிறா. வட்டம் சுருங்க முந்தி முழுப் பெயரும் எழுதிவிட வேண்டுமாம். சுருங்காது என்று சொல்லியிருக்கிறேன். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை.

நீ எழுது. பொய் எழுதாதே. இனி எல்லாவற்றையும் நான் கூட்டித்தான் வாசிப்பேன்.

துஆவுடன் வாப்பா.

இதற்குக் கீழே இருப்பது என் எழுத்து அல்ல.

மு